அக்கரைச் சம்பளமும் இக்கரை வைத்தியமும்

(ஆறுமுகநேரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைப் பொழிவு என்றால் இலக்கியமோ சமயமோ பேசுவதுதான் வழக்கம். நான் வருமான வரிக் கணக்குப் பார்த்தே காலம் கழித்தவன். எனக்குத் தெரிந்தது கணக்கு. ஆகவே கடல் தாண்டிப் போகிற ஒருவர் புறப்படுமுன் போட வேண்டிய கணக்கைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இந்த ஊரில் உப்பளம் இருக்கிறது, சாகுபுரத்தில் ஆலை இருக்கிறது, கடைத்தெரு இருக்கிறது. ஆனாலும் ஒரு தெருவை எடுத்துக்கொண்டால் துபாயில் ஒருவர், தம்மாமில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர், கப்பலில் ஒருவர் என்று இருக்கிறார்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே ‘சபர்’ என்று சொல்லும் வெளிநாட்டுப் பயணம் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. போகிற பிள்ளையிடம் வீட்டார் கேட்பதை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். சம்பளம் எவ்வளவு? சாப்பாடு, தங்குமிடம் கம்பெனி தருமா? அங்கே வரி உண்டா? கடைசிக் கேள்விக்கு “வரியே கிடையாது” என்று பதில் வந்துவிட்டால் எல்லார் முகமும் மலர்ந்துவிடுகிறது. நோய் வந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வியை நான் அநேகமாகக் கேட்டதே இல்லை. வரியையும் வைத்தியத்தையும் ஒரே கேள்வியாகக் கேட்க வேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

இந்தக் கடற்கரைக்கு இது புதிய கணக்கும் அல்ல. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே போன மார்க்கோ போலோ, காயலைப் பற்றித் தனியாகவே எழுதியவர். முத்துக்குளிப்பைப் பற்றி அவர் எழுதுகையில் இரண்டு பங்குகளைச் சொல்கிறார். எடுத்த முத்தில் பத்தில் ஒன்று அரசனுக்கு. இருபதில் ஒன்று, சுறாக்கள் குளிகாரரை அண்டாமல் மந்திரம் சொல்லிக் கட்டுகிறவர்களுக்கு. நம் பக்கத்தில் கடல்கட்டி என்று சொல்லப்பட்டவர்கள் அவர்கள்தாம். மந்திரத்தால் சுறா கட்டுப்பட்டதா என்பது வேறு விஷயம். மூச்சை அடக்கி இறங்குகிற அந்த ஏழை மனிதர், அரசனின் பங்கையும் தன் உயிர்க்காப்புக்கான பங்கையும் ஒரே நாளில், ஒரே குவியலிலிருந்து எடுத்து வைத்தார் என்பதுதான் என்னைத் தொடுகிறது. பிற்பாடு ஆங்கிலேயர் காலத்தில் தூத்துக்குடி முத்துக்குளிப்பில் சிப்பியை மூன்றாகப் பகுத்து இரண்டை அரசாங்கம் எடுத்தது, ஒன்றுதான் குளிகாரருக்கு. பங்கு மாறியது, இறங்குகிறவரின் ஆபத்து மாறவில்லை.

இப்போது வளைகுடாவுக்கு வருவோம். ஐக்கிய அரபு அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. உண்மை. ஆனால் 2018 ஜனவரி 1 முதல் 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி இருக்கிறது. சவூதியிலும் அதே ஆண்டு 5 சதவீதத்தில் தொடங்கி, 2020 ஜூலையில் 15 சதவீதமாக ஏற்றிவிட்டார்கள். பஹ்ரைனில் 2022 முதல் 10 சதவீதம். ஓமன் ஒருபடி மேலே போய், ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேல் சம்பாதிப்பவருக்கு 2028 முதல் 5 சதவீத வருமான வரி என்று 2025இல் ஆணையே பிறப்பித்துவிட்டது.  42,000 ரியால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எட்டாத தொகை. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது தெரிகிறது.

சவூதிக்குக் குடும்பத்தை அழைத்துப் போகிறவர் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 2017 ஜூலையில் அங்கே, உடனிருக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் என்று ஒரு கட்டணம் கொண்டுவந்தார்கள். ஆண்டுக்கு 100 ஆக ஏற்றி, 2020இல் அதை 400 ஆக்கினார்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 1,200 ரியால், ஆண்டுக்கு 14,400 ரியால். அதை நம் ரூபாயில் மாற்றினால் மூன்று லட்சத்தைத் தாண்டும். அதற்கு வருமான வரி என்று பெயர் இல்லை. சம்பளம் குறைந்தவருக்கும் கூடியவருக்கும் ஒரே தொகை என்பதால், வருமான வரியைவிட அது கடுமையாகவே விழுகிறது. கட்டணம் ஏறிய அந்த ஆண்டுகளில் மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியே தங்கிவிட்டவர்கள் ஏராளம்.

வைத்தியத்துக்கு அங்கே என்ன ஏற்பாடு? துபாயில் 2013ஆம் ஆண்டின் 11ஆம் எண் சட்டம், தொழிலாளிக்கு முதலாளியே மருத்துவக் காப்பீடு எடுத்துத்தர வேண்டும் என்கிறது. அபுதாபியில் அதற்கும் முன்பே வந்துவிட்டது. ஷார்ஜா, அஜ்மான் போன்ற மற்ற அமீரகங்களிலும் தனியார் துறைத் தொழிலாளருக்கும் வீட்டு வேலை செய்வோருக்கும் 2025 ஜனவரி 1 முதல் அடிப்படைக் காப்பீடு கட்டாயமாகியிருக்கிறது. நல்ல சட்டங்கள், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் துபாய்ச் சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்துவது தொழிலாளிக்கு மட்டும்தான். மனைவி மக்களுக்கு, அவர்களுக்கு விசா எடுத்தவரே எடுக்க வேண்டும். அடிப்படைத் திட்டத்தின் ஆண்டு உச்சவரம்பு 1,50,000 திர்ஹாம். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, அந்தக் காப்பீடு விசாவோடு பிறந்து விசாவோடு முடிகிறது என்பது.

இங்கேதான் எனக்கு மிகுந்த வருத்தம். ஒருவர் 25 வயதில் போகிறார். 58 வயதில் திரும்புகிறார். ஆரோக்கியமான வயதெல்லாம் அங்கே கழிந்தது; அப்போது காப்பீட்டை அவர் தொட்டது பல்வலிக்கும் காய்ச்சலுக்கும்தான். சர்க்கரை, இரத்தக்கொதிப்பு, சிறுநீரகம், இதயம் என்று செலவு வரிசையாக வரத்தொடங்கும் வயதில் அவர் ஆறுமுகநேரிக்கு வந்துவிடுகிறார். வசதி படைத்தோருக்குத் துபாயில் ஓய்வுக்கால விசா உண்டு. அதற்கு 10 லட்சம் திர்ஹாம் சொத்தோ, குறிப்பிட்ட அளவு சேமிப்போ மாத வருமானமோ காட்ட வேண்டும். மற்றவர்களுக்கு ஊர்தான். வரி கேட்காத அரசு அவருடைய முதுமைக்கும் பொறுப்பேற்கவில்லை. அதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஒப்பந்தமே அப்படித்தான். நாம்தான் அந்த ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம். 33 ஆண்டுகள் கட்டாமல் மிச்சமான வரியில் ஒரு பங்கு, வரப்போகும் வைத்தியத்துக்காக எடுத்து வைக்க வேண்டிய பணம். அது வீடாகவும் நகையாகவும் மாப்பிள்ளை வீட்டுச் சீராகவும் போய்விடுகிறது.

வேலை முடிந்து வரும்போது கிடைக்கும் பணிக்கொடையையும் பார்த்துவிடுவோம். அமீரகச் சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குப் பிறகு ஆண்டுக்கு 30 நாள். அடிப்படைச் சம்பளம் 2,000 திர்ஹாம் வாங்கும் ஒருவர் 20 ஆண்டு வேலை பார்த்தால் 555 நாள் சம்பளம், அதாவது 37,000 திர்ஹாம் வரும். திர்ஹாமுக்கு 23 ரூபாய் என்று வைத்தால் எட்டரை லட்சம். மொத்தச் சம்பளம் எவ்வளவு என்பது கணக்கில்லை, அடிப்படைச் சம்பளம்தான் கணக்கு. ஒப்பந்தத்தில் அந்த எண்ணைச் சிறிதாகப் போடுகிற கம்பெனிகள் உண்டு. அந்த எட்டரை லட்சத்தில் பெரும்பகுதியை ஒரே ஓர் இதய அறுவை சிகிச்சை கேட்டுவிடக்கூடும்.

திரும்பி வந்த பிறகு காப்பீடு எடுத்துக்கொள்ளலாமே என்பீர்கள். எடுக்கலாம். 65 வயது வரையுள்ளவர்களுக்குப் புதிய பாலிசி தந்தால் போதும் என்று கம்பெனிகளுக்கு இருந்த வரம்பை 2024 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நீக்கிவிட்டது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு வரை உண்டு. முன்பு நான்காக இருந்ததைத்தான் குறைத்திருக்கிறார்கள். ஐந்து ஆண்டு தொடர்ந்து பாலிசி நடந்துவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலன்றி, விவரத்தை மறைத்தீர்கள் என்று சொல்லிக் கம்பெனி பணத்தை மறுக்க முடியாது. அதுவும் முன்பு எட்டு ஆண்டு. இந்த மூன்றும் ஐந்தும் எப்போது ஓட வேண்டும்? நாம் வெளிநாட்டில் திடமாக வேலை பார்க்கும்போதே ஓடி முடிந்துவிட வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியரும் இங்கே மருத்துவக் காப்பீடு எடுக்கலாம். 35 வயதில் எடுத்து, ஆண்டுதோறும் தவறாமல் கட்டி வந்தவருக்கு, 58இல் விமானத்தை விட்டு இறங்கிய மறுநாளே பாலிசி முழுமையாகக் கைகொடுக்கும். தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளின் பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. “அங்கேதான் கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கே, இங்கே எதுக்கு ரெண்டாவது?” என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அங்கே இருப்பது கம்பெனியின் பாலிசி, இங்கே எடுப்பதுதான் உங்கள் பாலிசி.

பிரிட்டனில் கதை நேர்மாறு. அங்கே சம்பளத்தில் வருமான வரியும் தேசியக் காப்பீடும் பிடித்துவிடுவார்கள்; பதிலுக்கு அரசு மருத்துவம் இருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து போகிறவர் அதற்கு முன்கூட்டியே தனிக் கட்டணம் கட்ட வேண்டும். 2015இல் அது ஆண்டுக்கு 200 பவுண்ட். 2024 பிப்ரவரி 6 முதல் பெரியவருக்கு 1,035, சிறுவருக்கும் மாணவருக்கும் 776. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், மூன்றாண்டு விசா என்றால் 10,866 பவுண்ட். பவுண்டை நூறு ரூபாய் என்று குறைத்து மதிப்பிட்டாலும் 10 லட்சத்து 86 ஆயிரம் ரூபாய். விமானம் ஏறுமுன், முதல் மாதச் சம்பளத்தைப் பார்க்குமுன், மொத்தமாகக் கட்ட வேண்டிய பணம் அது. வேலைக்கு எடுக்கும் நிறுவனம் இதைக் கட்டுமா என்று கடிதத்தில் எழுதி வாங்குங்கள். செவிலியர், மருத்துவர் போன்றோர் போகும் மருத்துவப் பணி விசாவுக்கு இந்தக் கட்டணம் இல்லை, அவர்கள் குடும்பத்துக்கும் இல்லை. நம் மாவட்டத்திலிருந்து செவிலியராகப் போகிற பெண்களுக்கு இது பெரிய சேமிப்பு, பலருக்குத் தெரிவதில்லை.

அங்கேயே வயதாகப் போகிறவருக்கு அந்த வரி நியாயமான வரி. படுத்தால் பார்த்துக்கொள்ள ஒரு நாடு இருக்கிறது. ஆனால் இருபது வருடம் கட்டிவிட்டு 50 வயதில் ஊருக்கு வர நினைப்பவர் வேறு கணக்குப் போட வேண்டும். பிரிட்டன் ஆஸ்பத்திரி அவர் பின்னால் ஆறுமுகநேரிக்கு வராது. பத்து ஆண்டு தேசியக் காப்பீடு கட்டியிருந்தால் அரசு ஓய்வூதியம் வரும்; ஆனால் இந்தியாவில் வாழ்பவருக்கு அது வாங்கத்தொடங்கிய தொகையிலேயே நின்றுவிடும், ஆண்டு உயர்வு கிடையாது. அமெரிக்காவில் விசாவில் வேலை பார்ப்பவர் சம்பளத்தில் 7.65 சதவீதம் சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேருக்கும் போகிறது. 40 காலாண்டு, அதாவது பத்து ஆண்டு நிறையாமல் திரும்பினால் அது ஓய்வூதியமாக வராது. அந்நாட்டோடு இந்தியாவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லை. ஜெர்மனி, ஜப்பான், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளோடு இருக்கிறது. சிங்கப்பூரில் வரி குறைவு. ஆனால் மானிய மருத்துவம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். ஒர்க் பெர்மிட், எஸ் பாஸில் இருப்பவருக்கு முதலாளி எடுக்க வேண்டிய காப்பீட்டை 2023 ஜூலையில் 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளிக்கு உயர்த்தினார்கள். பெரிய விபத்து ஒன்று வந்தால் முன்பிருந்த 15,000 எங்கே போதும்?

கப்பலுக்குப் போகிற பிள்ளைகளைப் பற்றி இந்தக் கரையில் பேசாமல் இருக்க முடியாது. அவர்கள் எந்த நாட்டிலும் குடியேறுவதில்லை. ஆனால் வரிச் சட்டம் அவர்களைப் போனவர்களாகவே எண்ணுகிறது. நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் அவர் வெளிநாடுவாழ் இந்தியர், அந்தச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. வெளிநாட்டுப் பயணத்துக்கு நாளை எண்ணுவது விமான டிக்கெட்டை வைத்து அல்ல. சிடிசி என்ற கடற்பணிப் பதிவுப் புத்தகத்தில் உள்ள ஏறிய நாளும் இறங்கிய நாளும்தான். ஆண்டுக்கு 184 நாள் வெளியே என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி ஒரு வாரம் முன்னதாக இறக்கிவிட்டால் ஆண்டுச் சம்பளம் முழுதும் வரிக்குள் வந்துவிடக்கூடும். மார்ச் மாதத்தில் இறங்கச் சொன்னால், முதலில் சிடிசியைத் திறந்து நாளை எண்ணுங்கள். சம்பளம் இங்குள்ள என்ஆர்ஈ கணக்கில், அதாவது வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போடும் வங்கிக் கணக்கில், விழுந்ததாலேயே வரி வராது என்று 2017 ஏப்ரலில் நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை எண் 13 மூலம் தெளிவாக்கிவிட்டது.

சரி, வைத்தியம்? கப்பல் தொழிலாளருக்கான 2006ஆம் ஆண்டுச் சர்வதேச ஒப்பந்தத்தை இந்தியா 2015 அக்டோபரில் ஏற்றுக்கொண்டது. கப்பலில் நோயுற்றாலோ காயம் பட்டாலோ செலவு கப்பல் முதலாளியுடையது. ஆனால் அந்தப் பொறுப்பை 16 வாரத்தோடு நிறுத்திக்கொள்ள நாட்டுச் சட்டம் இடம் தரலாம். ஒரு வேலை ஒப்பந்தத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் வீட்டில் இருக்கும் மாதங்களில் வரும் நோய்க்கு யாரும் இல்லை. அடுத்த முறை மருத்துவப் பரிசோதனையில் தகுதியில்லை என்று வந்துவிட்டால் சம்பளமும் போய், காப்பும் போய்விடுகிறது. கடலில் இருப்பவர்களுக்கே முதலில் சொந்த பாலிசி வேண்டும் என்பேன்.

ஊரில் விட்டுப்போகும் சொத்துக்கும் வரி உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். என்ஆர்ஈ வட்டிக்கு வரி இல்லை. உள்ளூர் வருமானத்தைப் போடும் என்ஆர்ஓ கணக்கின் வட்டியில் 30 சதவீதமும் செஸ்ஸும் வங்கியே பிடித்துவிடும். 12 லட்சம் வரை வரி இல்லை என்று பட்ஜெட்டில் கேட்டது உள்நாட்டுவாசிகளுக்கான தள்ளுபடி. வெளிநாடுவாழ் இந்தியருக்கு அது கிடையாது. அப்பா விட்டுப்போன மனையை விற்றால், வாங்குகிறவர் வரி பிடித்தம் செய்தே பணம் தர வேண்டும். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்துக்குப் பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் கட்டும் வசதியும் உள்நாட்டுவாசிகளுக்கே. ஊர் திரும்பி, வைத்தியச் செலவுக்காக மனையை விற்க நேரிடும் என்று தோன்றினால், எந்த நிலையில் இருக்கும்போது விற்கிறோம் என்பதை ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு விற்பது நல்லது.

இந்தக் கணக்கு எதிலும் ஏறாத ஒன்றைச் சொல்ல வேண்டும். 1914க்கு முன் சென்னையிலிருந்து ரயில் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து கப்பல் கொழும்புக்குப் போயிற்று. கொழும்பில் கடை வைத்திருந்த நம் முன்னோர், உடம்பு சரியில்லை என்றால் ஓர் இரவுப் பயணத்தில் வீடு வந்து சேர்ந்துவிடலாம். அவர்களைப் பார்த்துக்கொண்டது எந்த அரசும் அல்ல, வீட்டுப் பெண்கள். இன்றும் துபாயிலிருந்து பக்கவாதத்தோடு திரும்புகிறவரைத் தூக்கி உட்காரவைப்பது அந்தப் பெண்கள்தாம். கணவன் சம்பாதித்த காலமெல்லாம் மாமனாரையும் மாமியாரையும் பார்த்தவள், பிறகு கணவனையும் பார்க்கிறாள். தன் முட்டிவலிக்கு வைத்தியம் பார்க்க அவளுக்கு நேரம் வருவதே இல்லை. வெளிநாட்டில் இருக்கிறவரின் பெயரில் மட்டும் பாலிசி எடுத்துவிட்டு அவளை விட்டுவிடும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அது மனத்தை அறுக்கிறது.

அரசு மருத்துவத்தை நான் குறைவாகச் சொல்லவில்லை. 2000இல் தொடங்கிய தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் ஏழைகளின் உயிரைக் காக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை மாத்திரையையும் கொதிப்பு மாத்திரையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இவையெல்லாம் இங்கே இருந்து வரி கட்டியவர்கள் பணத்தில் நடப்பவை. உப்புப் பாத்தியில் நிற்கிறவர் தீப்பெட்டி வாங்கும்போது கட்டும் வரியும் அதில் அடக்கம். அப்படியும் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தம் கைக்காசிலிருந்தே கொடுக்கிறார்கள் என்று 2021–22ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது.

வெளிநாடு போகிறவர்களுக்கென்றே நம் அரசு வைத்திருக்கும் காப்பு ஒன்றும் உண்டு. பத்தாம் வகுப்பு தேறாமல் குடியேற்ற அனுமதி முத்திரையோடு போகிறவருக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் உயிரோ உறுப்போ போனால் 10 லட்சம். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு அந்த முத்திரையும் தேவையில்லை, அந்தக் கட்டாயமும் இல்லை. நம் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் பத்தைத் தாண்டிவிடுகிறார்கள். படித்ததாலேயே ஒரு காப்பு கைநழுவுகிறது.

ஆகவே அறக்கட்டளையாரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளிநாட்டிலிருந்து திரும்பி ஊரோடு இருக்கிற பெரியவர்கள் சிலரும், ஓர் ஆடிட்டரும், ஒரு மருத்துவரும் இந்த மண்டபத்தில் உட்காரட்டும். போகப்போகிற பிள்ளை ஒப்பந்தத்தைக் கொண்டுவரட்டும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, காப்பீடு யாருக்கு, குடும்பத்தை அழைத்தால் கூடுதலாக என்ன ஆகும், எத்தனை வயதில் திரும்ப எண்ணம் என்று கேட்டு எழுதிக்கொடுக்கட்டும். என் பங்குக்கு நான் வருகிறேன். பிள்ளை வரும்போது அம்மாவும், திருமணமானவர் என்றால் மனைவியும் கூடவே வர வேண்டும். பாலிசி எண்ணும், பணம் கட்டாமலே சேர்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரி தூத்துக்குடியில் எது, திருநெல்வேலியில் எது என்ற விவரமும், இரவு இரண்டு மணிக்கு எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்பதும் துபாயில் இருக்கிற கைப்பேசிக்குள் இருந்து பயனில்லை. அவை தாளில் எழுதி, இங்கே வீட்டில் இருக்கிறவர் கையில் இருக்க வேண்டும்.